லாத்தாவும் லாரி விளையாட்டும்

லாத்தா வருவதைப் பார்த்தால் பாம்பன் கடைத்தெருவில் பலசரக்குக் கடைக்காரர் எழுந்து நின்றுவிடுவார். மரியாதைக்கு அல்ல, வழியை மறிப்பதற்கு. சீரகம் இல்லை என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால், லாத்தா கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் தேட ஆரம்பித்துவிடுவார். பல நேரம் சீரகம் அங்கே இருக்கும். "பாக்காமலே இல்லங்குறீரு. பாத்துட்டுச் சொன்னா என்ன?" என்பார். இல்லாவிட்டாலும் அவருக்கு வருத்தமில்லை. தேடிப் பார்த்து இல்லை என்றால் அது வேறு. பார்க்காமல் சொல்லும் 'இல்லை' அவருக்கு ஆகவே ஆகாது.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். பாம்பனில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை கிடைத்து வந்திருந்தேன். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, உயரமான பெண். கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்துக்கு ஒரு முறை வருவார். பிள்ளைகள் இல்லை. அடுத்த தெருவில் வாப்பா தனியாக இருந்தார். உம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால், தம்பியைத் தூக்கி வளர்த்தது லாத்தாதான்.

அவருக்கு உட்காரத் தெரியாது. சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். போன் பேசினால் வீடு முழுக்கச் சுற்றுவார். மாடியில் இருக்கும் எனக்குக் குரலை வைத்தே அவர் அடுப்படியில் நிற்கிறாரா கொல்லைக்குப் போய்விட்டாரா என்று தெரிந்துவிடும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் மணல் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருக்கும். பெருக்கி முடித்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பார், மணல் கிடக்கும், மறுபடி விளக்குமாற்றை எடுப்பார். நான் காலையில் வேலைக்குப் போகும்போது உள்ளறையில் கிடந்த கட்டில், சாயங்காலம் திரும்பும்போது வாசலைப் பார்த்துக் கிடக்கும்.

அந்தச் சுபாவம் என் பக்கமும் ஒரு தடவை பாய்ந்தது. அப்போது என்னை ஒரு வீட்டிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். போனவர்கள் பதிலே சொல்லவில்லை. எங்கள் அய்யா, "அவங்களா சொல்லட்டும், நாம கேக்கக் கூடாது" என்று இருந்துவிட்டார். நான் போனைப் பார்ப்பதும் கீழே வைப்பதுமாக இருந்ததை லாத்தா ஓரிரு வாரம் கவனித்திருக்கிறார். ஒரு நாள் காலையிலேயே பஸ் ஏறிப் போனவர் இருட்டும் நேரத்தில் வந்து என் கதவைத் தட்டினார்.

"அவங்களுக்கு வேணாமாம் புள்ள. போயிக் கேட்டுட்டு வாரேன். வேற எடத்துல பேசி முடிச்சுட்டாங்க. இனிமே நீ அந்தப் போனப் பாத்துக்கிட்டே கெடக்க வேணாம்."

யார் வீட்டுக்குப் போய் யாரிடம் என்ன கேட்டார் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் லேசாக இருந்ததையும் சொல்ல வேண்டும்.

தம்பியை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் குடிவந்த கொஞ்ச நாளிலேயே வளைகுடாவுக்குப் போய்விட்டான். லாரி என்றால் அவனுக்கு உயிர். லாரி டிரைவர் வேலைக்குப் போகிறேன் என்று பாம்பன் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனவன். போகிற வரைக்கும் லாத்தா வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கெங்கோ இருக்கும் ஊர்களின் சாலைகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. அந்தக் கம்ப்யூட்டரை லாத்தா பொறுப்பில் விட்டுவிட்டுப் போனான். லாத்தா அதற்குத் தன் பழைய துப்பட்டி ஒன்றால் உறை தைத்துப் போட்டிருந்தார்.

முதலில் தினமும் போன் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு நின்றுவிட்டது. நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. அனுப்பிவைத்த ஏஜெண்ட், அவன் கம்பெனியை விட்டு ஓடிப்போய்விட்டான் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார். லாத்தா சும்மா இருக்கவில்லை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்து, தொண்டி, கீழக்கரை, பனைக்குளம் என்று ஒவ்வொரு வீடாகப் போய் போட்டோவைக் காட்டினார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது.

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. அங்கே தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடம் ஒன்று தீப்பிடித்ததாகவும், அடையாளம் தெரியாமல் சிலர் இறந்ததாகவும், தம்பி கடைசியாக இருந்தது அந்த அறையில்தான் என்றும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நான்கைந்து நாள் கழித்து வாப்பா லாத்தாவிடம் வந்து, வருகிற வெள்ளிக்கிழமை அவன் பெயரில் கத்தம் ஓதலாம் என்றார். இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதி, ஊருக்குச் சாப்பாடு போடுவது அது.

"மவுத்தாப் போனத யாரு கண்ணால பாத்தா?" என்று கேட்டார் லாத்தா.

"இருந்தா பேசியிருப்பான்ல" என்றார் வாப்பா.

"அதக் கேக்கல. யாரு பாத்தா?"

வாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது, லாத்தா கம்ப்யூட்டரின் உறையை எடுத்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அவன் சோத்த விட்டாலும் விடுவான், இந்த லாரிய விட மாட்டான். உசுரோட இருந்தா எங்கனயாச்சும் ஒக்காந்து ஓட்டிக்கிட்டுத்தான் இருப்பான். இதத் தெறந்தா அவன் ஓட்டுனது தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் என்பது பள்ளி அலுவலகத்தில் மாணவர் பட்டியல் அடிப்பதும் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுப்பதும்தான். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த விளையாட்டு இணையத்தோடு சேர்ந்தது. அவன் கணக்கு அதில் இருக்கும். எங்கே விளையாடினாலும் கடைசியாக ஓட்டிய தேதி இங்கேயும் தெரியலாம். திறந்து பார்த்தேன். விளையாட்டு கொஞ்ச நேரம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அதன் பிறகு திரையில் சின்னதாக ஒரு பெட்டி எழுந்தது. ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர், கடைசியில் டிஎல்எல் என்று முடிந்தது. அந்தக் கோப்பு காணப்படவில்லை, அதனால் விளையாட்டைத் தொடங்க முடியாது.

லாத்தா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "காணோமாமா? எங்க போச்சு?"

"தெரியல லாத்தா."

"எங்க வச்சிருந்துச்சாம்?"

நான் விளையாட்டை மறுபடி திறந்து பார்த்தேன், அதே பெட்டிதான் எழுந்தது.

மறுநாளே கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பார்த்துவிட்டு, ஃபார்மட் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாராம். அப்படிப் போட்டால் உள்ளே பதிந்து கிடக்கும் தம்பியின் கணக்கும் கடவுச்சொல்லும் போய்விடுமா என்று லாத்தா கேட்டிருக்கிறார். போய்விடும் என்று தெரிந்ததும் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த நாள் நான் பள்ளியில் இருந்தபோது போன் வந்தது. "புள்ள, அந்தக் கோப்பக் கண்டுபுடிச்சுட்டேன்." யூடியூபில் ஒரு பையன் சொன்னதைப் பார்த்து, ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒரே ஒரு கோப்பை மட்டும் இறக்கி, அவன் காட்டிய இடத்தில் போட்டிருக்கிறார். விளையாட்டைத் திறந்தால் அது இப்போது வேறொரு கோப்பைக் காணோம் என்றது. அதையும் தேடிப் போட்டார். இன்னொன்றைக் காணோம் என்றது. நான் வீட்டுக்கு வந்தபோது திரையின் ஓரத்தில் சூதாட்ட விளம்பரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குதித்துக்கொண்டிருந்தன. விளையாட்டு இப்போது எதைக் காணோம் என்றுகூடச் சொல்லவில்லை. புரியாத எண் ஒன்றைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

"இன்னும் எத்தனை கேக்கும்? கேக்கட்டும், தேடிப் போடுறேன்" என்றார் லாத்தா. கண் சிவந்திருந்தது.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி சென்னையில் இந்தத் துறையில் வேலை பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டேன். லாத்தா செய்ததைக் கேட்டதும், "முதல்ல நெட்டைப் பிடுங்கு" என்றாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு லாத்தாவிடமே பேசினாள்.

"அக்கா, இந்தக் கோப்பு எல்லாம் தனித்தனியா வர்றது இல்ல. ஒரு தொகுப்பா வரும். விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ்னு பேரு. பல விளையாட்டு அதை நம்பித்தான் ஓடும். உங்க கம்ப்யூட்டர்ல அது இருந்திருக்கணுமே. யாராவது எடுத்துட்டீங்களா?"

லாத்தாவின் முகம் மாறியது. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தபோது கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே இருப்பவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தாராம். ஒரே பெயர், பக்கத்தில் வேறு வேறு வருடம் போட்டு, ஏழெட்டு இருந்திருக்கிறது. "ஒரே சாமான் எதுக்கு இத்தனைனு எல்லாத்தையும் அழிச்சுட்டேம்மா" என்றார்.

தோழி சிரிக்கவில்லை. எல்லாரும் செய்வதுதான் என்றாள். லாத்தா கொண்டுவந்து போட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழிக்க வைத்தாள். வைரஸ் இருக்கிறதா என்று முழுக்கச் சோதிக்க வைத்தாள். அது வியாழக்கிழமை முழுவதையும் தின்றுவிட்டது. கம்ப்யூட்டர் தன்னைச் சோதித்துக்கொண்டிருக்க, லாத்தா கொல்லைக்கும் திரைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான் லீவு போட்டேன். அடுத்த தெருவில் வாப்பா வீட்டு வாசலில் பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். வெங்காயம் வதங்கும் வாசனை எங்கள் வீடுவரை வந்தது. அந்தத் தொகுப்பை அதைச் செய்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினோம். அதில் இரண்டு வகை இருந்தது, இரண்டையும் போட வேண்டும் என்று தோழி சொல்லியிருந்தாள். போட்டோம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்க்கும் ஒரு பொத்தான் உண்டு, அதையும் அமுக்கினோம். குறைந்ததை அதுவே இறக்கிக்கொண்டது.

திறந்தேன். இந்த முறை எதையும் காணோம் என்று சொல்லவில்லை. திரை கறுத்தது, ஒரு லாரியின் படம் வந்தது, லாத்தா என் தோளை இறுக்கிப் பிடித்தார். உடனே மறுபடியும் ஒரு பெட்டி எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"படி" என்றார் லாத்தா.

படித்தேன். படித்ததை இன்னொரு தடவை எனக்குள்ளேயே படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "இந்தக் கணக்கு இப்ப வேற ஒரு கம்ப்யூட்டர்ல ஓடிக்கிட்டு இருக்காம் லாத்தா. இங்கன தொடரணும்னா அங்க நிறுத்திருமாம். தொடரவான்னு கேக்குது."

"இப்பவா?"

"இப்பத்தான்."

கடவுச்சொல்லை யாராவது திருடியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து என் கையிலிருந்த மவுசைப் பிடுங்கித் தொடர் என்பதை அமுக்கிவிட்டார்.

எங்கள் திரையில் சாலை ஒன்று விரிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. லாரி பாதி வழியில் நின்றது. ஒரு நிமிடம் இருக்கும், திரை அணைந்தது. இந்தக் கணக்கு வேறு கம்ப்யூட்டரில் திறக்கப்பட்டுவிட்டதாக எழுதி வந்தது. அங்கே இருப்பவர் எங்களை வெளியே தள்ளிவிட்டார். லாத்தா மறுபடி அமுக்கினார். அந்தப் பக்கம் மறுபடி தள்ளியது. எத்தனை தடவை இப்படி நடந்தது என்று தெரியாது. லாத்தா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அமுக்கிக்கொண்டே இருந்தார்.

அவர் போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு நம்பர்.

"லாத்தா?" என்றது ஒரு குரல். "நீயா கேமத் தெறக்குற? நான் பாதி வழியில நிக்கிறேன். லோடு போயிரும். அத மூடு."

லாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சாதாரணமாக, சந்தைக்குப் போனவனிடம் கேட்கிற மாதிரி, "எங்கன இருக்க?" என்று கேட்டார்.

"மொதல்ல அத மூடு லாத்தா."

"எங்கன இருக்கன்னு கேட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "வாப்பாட்டச் சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

லாத்தா உடனே கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வாப்பா வாசலில் பாய்கள் விரித்துக்கொண்டிருந்தார்.

"கத்தம் வேணாம் வாப்பா. சோத்த ஊருக்குக் குடுங்க. அவன் நல்லபடியா வந்து சேரணும்னு நேர்ச்சைன்னு சொல்லுங்க."

"ஓத வர்ற ஆலிம்சாட்டச் சொல்லியாச்சு. ஆளுக வந்துருவாங்க" என்றார் வாப்பா.

"நான் சொல்றேன். வேணாம்."

வாப்பா மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரித்த பாயில் ஒன்றை மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு லாத்தா பட்டபாடுதான் பெரிது. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் அதை யாரிடமும் சொல்லாமல் இருக்க வேண்டியிருந்தது. துணி துவைக்கும் கல்லில் அடித்துத் தீர்த்தார். தம்பி தானாகப் பேசுவதாக இல்லை. லாத்தா அடுப்படியிலிருந்து கொல்லைக்குப் போகிற வழியில் நின்று விளையாட்டைத் திறப்பார். அவன் ஓட்டிக்கொண்டிருந்தால் அவனை வெளியே தள்ளுவார். அவன் போன் பண்ணி "விளையாட விடு லாத்தா" என்று கெஞ்சுவான். "பேசு, விடுறேன்" என்பார். கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவன் கடைசிவரை மாற்றவில்லை.

இப்படித்தான் துண்டுதுண்டாக விஷயம் வந்தது. டிரைவர் வேலை என்று கூட்டிப்போய்க் கிடங்கில் மூட்டை தூக்க விட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து தப்பித்து, தீப்பிடித்த கட்டிடத்திலும் கொஞ்ச நாள் இருந்து, வேறு ஊரில் நேபாளிகளோடு ஒளிந்து தங்கி, கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தான். ஓய்வு நேரத்தில் அறை நண்பனின் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டினான். லாரி ஓட்டப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவன் எந்த முகத்தோடு போன் பண்ணுவது என்று விட்டுவிட்டான்.

"மொகத்த எங்க கொண்டு போயி வச்ச? அதையும் தேடணுமா நான்?" என்றார் லாத்தா.

சில மாதம் கழித்து அந்த நாட்டில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். ஆவணம் இல்லாதவர்கள் தண்டனை இல்லாமல் ஊர் திரும்பலாம். அவன் பயந்தான், பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்றான். தூதரகத்துக்குப் போகும் வரை விளையாட்டைத் திறக்க விடமாட்டேன் என்று லாத்தா நின்றார். ஒரு வாரம் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. அவன் போனான்.

திருச்சிக்கு வரும் விமானத்தில் இடம் கிடைத்தது. வாடகைக் காரில் நானும் லாத்தாவும் போனோம். விமானம் இறங்கியது, ஆட்கள் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் வரவில்லை. வாசல் காலியாகிவிட்டது. காவலுக்கு நின்றவர், "அவ்வளவுதாம்மா. எல்லாரும் வந்தாச்சு" என்றார்.

"நீங்க உள்ள போயிப் பாத்தீங்களா?" என்றார் லாத்தா.

துப்புரவுப் பெண் ஒருவர் வெளியே வந்தபோது கண்ணாடிக் கதவு விலகியது. லாத்தா எட்டிப் பார்த்தார். கடைசி நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். காவலர் மறித்தார். "அவனா வர மாட்டான்யா. நான் கூப்புட்டாத்தான் வருவான்" என்று சொல்லிவிட்டு, லாத்தா அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவனும் எழுந்தான்.

நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் அவர்கள் இருவரும். அவன் இளைத்துக் கறுத்திருந்தான். லாத்தா அவன் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார். தேவிபட்டினம் தாண்டியபோது, "வாப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டான்.

"அவருக்குத் தெரியாது. நீதானடா சொல்லாதன்ன."

"அப்ப நேரா எப்படிப் போறது?"

"நான் கூடத்தானே வாரேன்" என்றார் லாத்தா. ஆனால் அவருக்கும் பயம். ஜன்னலை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

பாலத்தைக் கடந்து பாம்பனுக்குள் இறங்குகிற இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். சாலையோரத்தில் ஒருவர் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குடை. வாப்பா. எவ்வளவு நேரமாக நின்றாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கார் நின்றது. அவர் பின்கதவைத் திறந்தார். தம்பி நடுவுக்கு நகர்ந்துகொண்டான். வாப்பா அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, குடையைக் கால்களுக்கிடையில் வைத்து, கதவைச் சாத்தினார்.

லாத்தா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "நாங்க யாரும் சொல்லலையே வாப்பா" என்றார்.

"ஒரு வாரமா மாடிக் கொடியில அவன் கைலி அத்தனையும் தொவச்சுக் காயுது. இன்னைக்குக் காரு வேற வாசல்ல வந்து நின்னுச்சு. தெருவுல போறவனுக்குக் கண்ணு இல்லையா?" என்றார் வாப்பா. பிறகு முன்னால் குனிந்து டிரைவரிடம், "கறிக்கடைப் பக்கம் கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார். மகனைத் திரும்பிப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடியே கேட்டார். "நெஞ்செலும்பா, தொடைக்கறியா?"

தம்பி லாத்தாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டும் வாங்குங்க வாப்பா" என்றார் லாத்தா.